நூறு சொற்களுக்குள்

கொழும்பிலிருந்து படிவம் வந்திருக்கிறது:
உங்கள் குழுவைப் பற்றி, நூறு சொற்களுக்குள்.
இரவு எட்டரை. ரியூசன் பிள்ளைகள் போய்விட்டார்கள்.
கரும்பலகையில் பாதி அழிந்த பென்சீன் வளையம்,
அதன் கீழே சோக்கட்டியால்
எழுதிப் பார்க்கிறோம் எங்களை.

‘ஓர் இளம் நால்வர் குழு’ என்றாள் கேமவர்ணா.
படம் வைக்கிறோம்தானே, இளமை அதில் தெரியும்,
வெட்டு என்றான் டெரன்ஸ்.

பெயர் இன்னும் இல்லை.
‘உட்துறைமுகம்’ என்று ஒரு மாதம் இருந்தோம்,
கப்பல் கம்பனி மாதிரிக் கிடக்கு என்றார்கள்.
‘புள்ளிமான்’ என்று ஒரு கிழமை.
பாலர் பாடசாலையா என்று
இரண்டு அம்மாமார் தொலைபேசியில் கேட்டார்கள்.

உண்மையைச் சொன்னால்
பதினொரு கச்சேரி. மூன்றுக்குக் காசு.
ஒன்றுக்கு ஒரு பாரை மீன்;
செலோவின் மடியில் படுத்து ஓட்டோவில் வந்தது.
மழை நாளில் அந்த உறை
இன்றைக்கும் லேசாக மணக்கும்.

உப்புவெளி ஹோட்டலில், மெதுவான பகுதியின் நடுவில்,
நாலு வில்லும் ஒரே சுரத்தில்
மூச்சைப் பிடித்து நின்ற இடத்தில்
முகாமையாளர் குனிந்து கேட்டார்:
‘தம்பி, பிறந்தநாள் பாட்டு வருமா? ஆறாம் மேசை.’
வந்தது. நாலு குரலாய்ப் பிரித்து வாசித்தோம்.
ஆறாம் மேசைச் சிறுமி கேக்கை மறந்து
என் வில் போகும் பக்கமெல்லாம் தலையாட்டினாள்.
இதை எந்தச் சொல்லை வெட்டி எங்கே வைப்பது?

வயோலா என்றால் பெரிய வயலினா என்பார்கள்.
ஓம் சொல்லப் பழகிவிட்டேன்.
போன மாரியில் ஈரம் ஏறிப் பசை விட்டது,
விலாவில் ஒரு பஸ் டிக்கெட் நுழையும் இடைவெளி.
திருத்துகிறவர் தெகிவளையில்.
பதினெட்டு நாள் என் பகுதியை வாயால் பாடினேன்.
இப்பதான்ரா நீ வாசிக்கிறது கேட்குது
என்றான் டெரன்ஸ்.

சிஃபானா கிண்ணியாவிலிருந்து பாலத்தால் வருவாள்,
தம்பியின் மோட்டார் சைக்கிளில், முதுகில் வயலினோடு.
எதிர்க்காற்றில் விறைத்த விரல்கள்
பத்து நிமிடத்துக்குச் சொல்வழி கேளா.
அந்தப் பத்து நிமிடம் டெரன்ஸ் கணக்குப் பார்ப்பான்:
அறை வாடகை, கரண்ட்,
செலோவின் தடித்த தந்தி ஒன்று
அவனுடைய ஒரு கிழமைச் சம்பளம்.

நடத்துநர் பெயர்? என்று ஒரு கட்டம்.
எங்களுக்குத் தெரிந்த நடத்துநர்
பஸ்ஸில் செலோவுக்கும் டிக்கெட் கேட்பவர்.
மற்றபடி கேமவர்ணாவின் இடது புருவம்.
அது ஏறினால் தொடங்குவோம்.
கரண்ட் போன இரவொன்றில் புருவம் தெரியவில்லை,
அவள் மூக்கால் இழுத்த மூச்சுக் கேட்டது.
அப்படி ஒன்றாய் நாங்கள்
ஒருநாளும் தொடங்கியதில்லை.
லைட் வந்ததும் பிழைத்தது.

ஓகஸ்டில் ஒன்பது நாள் பிரிந்திருந்தோம்.
ஒரு சுரத்தின் உயரம்தான் காரணம்
என்று ஊருக்குச் சொன்னோம். காரணம் காசு.
பத்தாம் நாள் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை,
டெரன்ஸ் கதிரைகளைப் பழைய கோணத்தில் போட்டான்.
அன்றைக்குத்தான் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வாசலில் கழுத்தை நீட்டி
இரண்டாம் வயலினின் கடைசித் தாளைத் தின்றது.
அந்தப் பக்கத்தைச் சிஃபானா நினைவில் வாசிக்கிறாள்,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாக.
நாங்கள் திருத்துவதில்லை.

பலகை நிறைந்துவிட்டது.
வளையத்துக்குள்ளும் எழுத்து.
எண்ணிப் பார்த்தால் முந்நூற்றுக்கு மேலே.
டெரன்ஸ் துடைப்பானை எடுத்தான்,
எல்லோரும் இருமினோம்.

அனுப்பியது இது:
திருகோணமலையிலிருந்து நாலு பேர்.
வயலின் இரண்டு, வயோலா, செலோ.
பெயர் பிறகு தருவோம். நடத்துநர் இல்லை.
இரவு ரயிலில் வருகிறோம்,
ஐந்து இருக்கை வேண்டும்.

காலை வகுப்புக்காகப் பென்சீனைத்
திருப்பி வரைந்து வைத்தாள் சிஃபானா.
இரட்டைக்கோடுகள் எந்தப் பக்கம் வரும் என்று
ஒருவருக்கும் நினைவில்லை.
சரி, இருங்கோ என்றாள் கேமவர்ணா.
புருவம் ஏறியது.